சோர்ந்து போவது பாவமா?

போன மாதம் எங்கள் சபை வாலிபர் கூட்டத்தில் நடந்தது. இரண்டு வருடமாகக் கூட்டத்தை நடத்தி வரும் அண்ணன் எழுந்து, "என்னால இனிமே முடியல, களைச்சுப் போயிட்டேன்" என்றார். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இவர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து கூட்டம் நடத்துகிறார். முப்பது பேர் வந்த இடத்தில் இப்போது ஆறு பேர். அவருக்கு ஒரு பெரியவர் சொன்ன பதில்: "தம்பி, உங்களுக்கு விசுவாசம் குறைஞ்சிருக்கு. மூணு நாள் உபவாசம் இருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அங்கே வாயைத் திறக்கத் தைரியமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன் :-)

சோர்வு என்றாலே விசுவாசக் குறைவு என்பவர்கள் வேதாகமத்தை எங்கே படித்தார்கள்? எலியா பெரிய தீர்க்கதரிசி. யேசபேல் ராணி கொல்லத் தேடியபோது வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணினானா? இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். பிறகு கூட ஊழியம் செய்ய எலிசாவும் கிடைத்தார். அங்கே களைத்தவனுக்குச் சாப்பாடு. இங்கே களைத்தவனுக்கு உபவாசமா?

சங்கீதம் 88-ஐப் பாருங்கள். கடைசி வரியிலும் இருட்டுதான். அதையும் ஜெபம் என்றுதானே வேதாகமத்தில் வைத்திருக்கிறார்கள்?

நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது சீகன்பால்குவுக்கு 24 வயது நிரம்பவில்லை. அனுப்பியது டென்மார்க் அரசர். 1708-ல் பிடித்துச் சிறையில் போட்டது அதே டென்மார்க்கின் தளபதி. சொந்த ஆட்களாலேயே கஷ்டம்! சுமார் நான்கு மாதம் சிறை. வெளியே வந்து வேலையைத் தொடர்ந்தார், 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. கஷ்டம் வந்ததால் அவர் விசுவாசம் குறைந்தவர் என்று யாராவது சொல்வோமா?

"அப்போ ஜெபம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கண்டிப்பாக வேண்டும். நானும் ஜெபத்தால்தான் நிற்கிறேன். ஆனால் விசுவாசம் எனக்குத் தந்த பலம், வலிக்காதது மாதிரி சிரித்து ஸ்தோத்திரம் சொல்வது அல்ல. "ஆண்டவரே, முடியவில்லை" என்று அழுதாலும் அவர் என்னைத் தள்ளமாட்டார் என்ற நிச்சயம்தான் அந்தப் பலம். ஆண்டவரிடம் சொல்ல முடிந்ததைச் சபையில் சொல்ல முடியவில்லை என்றால், கோளாறு சோர்ந்தவனிடம் இல்லை. சபையிடம்தான்.

இந்தச் சனிக்கிழமை பாட்டும் செய்தியும் நாங்கள் மூன்று பேர் பார்த்துக்கொள்கிறோம். அண்ணனுக்கு இட்லி வாங்கி வைத்திருப்போம். சாப்பிட்டுவிட்டு அவர் கடைசி பெஞ்சில் தூங்கினாலும் யாரும் எழுப்பக் கூடாது.