பிழை யாருடையது?

படிப்போன் பிழைபடப் பொருள் கொள்வானாயின், குற்றம் அவனுடையதே எனக் கொள்ளுதல் உலக வழக்கு. அக்கொள்கை எப்பொழுதும் பொருந்துவதன்று என்பதற்கு ஒரு சரித்திரம் கூறுவேன்.

2000ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அதிபர் தேர்தல் நடந்தது. புளோரிடா மாகாணத்துப் பாம் பீச் ஜில்லாவின் தேர்தல் அதிகாரி, முதியோர் எளிதிற் படிக்கவேண்டுமென்னும் நல்லெண்ணத்தால் வாக்குச்சீட்டில் எழுத்துக்களைப் பெரிதாக்கினார். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்காமையின், அவற்றை எதிரெதிராக இரு பக்கங்களில் அமைத்து, துளையிடும் இடங்களை நடுவே ஒரே வரிசையாக வைத்தார். இடப்பக்கத்தில் இரண்டாவதாக நின்றது அல் கோர் என்பாரது பெயர். நடுவரிசையின் இரண்டாந்துளையோ வலப்பக்கத்துப் பாட் புக்கானன் என்பாருக்கு உரியது. மயங்கினோர் பலர். அந்த ஜில்லாவில் மட்டும் 19,000க்கு மேற்பட்ட சீட்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் பெற்றுச் செல்லாதொழிந்தன. கோரை விரும்பியோருள் 2,000க்கு மேற்பட்டோர் அறியாது புக்கானனுக்கு வாக்களித்தனரென்று அறிஞர் சிலர் 2001இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அம்மாகாணத்தில் ஜார்ஜ் புஷ் வென்றதோ 537 வாக்குகளால். அவ்வெற்றியே அவரை அதிபராக்கிற்று.

"கவனமாகப் படியாதது வாக்காளர் குற்றமன்றோ?" என்பர் சிலர். ஒருவர் இருவர் தவறின் அங்ஙனம் கூறலாம். ஆயிரவர் ஒரே இடத்தில் இடறுவராயின், கல் வழியிற் கிடக்கின்றதென்பதே துணிபு. நல்லெண்ணம் மட்டும் போதாது. அச்சிடுமுன் அத்தகைய தாளை முதியோர் சிலர் கையிற் கொடுத்து, "நன்றாயிருக்கிறதா?" என வினவாது, அவர் விரல் எங்கே செல்கின்றதென்று வாளா நோக்கியிருத்தல் வேண்டும். இடர் தானே வெளிப்படும்.

நம் மொழியிலும் இதற்குச் சான்றுண்டு. பண்டை ஏடுகளில் எகர ஒகரக் குறில்களுக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படாமையால், எரியும் ஏரியும் ஒரே வடிவாய் நின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த வீரமாமுனிவர், மயங்கிய வாசகரைக் கடிந்துகொள்ளவில்லை. எழுத்தின் வடிவையே திருத்தினார்.

ஆதலின், நம் கல்லூரியில் உபகாரச் சம்பள விண்ணப்பத்தாளை அச்சிடுமுன், கிராமங்களிலிருந்து புதிதாய் வந்த மாணவர் ஐவரிடம் கொடுத்து நிரப்பச்செய்து நோக்குதல் நன்று. ஒரு கட்டம் விளங்காமையாற் படிப்பை இழப்பவர் ஒருவரும் இருத்தலாகாது. அருஞ்சொற்களில் மகிழும் தமிழ் மாணவராகிய நாமும், நம் கட்டுரைகளை முதலில் அயலார் ஒருவரிடம் படிக்கக் கொடுப்போமாக.