'லேசரா சார்?'னு கேக்காதீங்க. 'போன வருஷம் எத்தனை கண்ணு தப்பா போச்சு?'னு கேளுங்க

1/ கண்புரை ஆபரேஷன் பத்தி ஒரு நீளமான த்ரெட். வீட்டுல 60 வயசு தாண்டின அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தா முழுசா படிங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் கண் டாக்டர் இல்ல. வெறும் எம்.பி.பி.எஸ். திருத்தணி பக்கம் அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி., கேஷுவாலிட்டி பாக்குறவன். கண் ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு பி.பி., சுகர் பாத்து 'ஃபிட்' எழுதிக் குடுக்கறதும் நான்தான். ஆபரேஷன் முடிஞ்சு ராத்திரியில வலியோட வந்தா முதல்ல பாக்கறதும் நான்தான்.

2/ சில மாசம் முன்னாடி, ராத்திரி 11 மணிக்கு மேல ஒரு தாத்தாவை கூட்டிட்டு வந்தாங்க. பொதட்டூர்பேட்டை பக்கம், விசைத்தறி ஓட்டுற குடும்பம். "எங்க நைனாவுக்கு வலி தாங்கல சார்"னு பையன் சொல்றான். தாத்தா "கனபடலேது பாபு, ஏமி கனபடலேது"ன்னு திரும்பத் திரும்ப சொல்றாரு. எங்க ஏரியால பாதிப் பேரு இப்படித்தான், வலி வந்தா தெலுங்குல வரும்.

3/ மூணு நாள் முன்னாடி ஒரு கேம்ப் மூலமா புரை ஆபரேஷன். இமை வீங்கி, கண்ணு ரத்தச் சிவப்பு. டார்ச் அடிச்சா கருவிழிக்குப் பின்னாடி அடியில வெள்ளையா சீழ் தேங்கி நிக்குது. விரலை ஆட்டினா தெரியல. வெளிச்சம் மட்டும் தெரியுது. கண்ணுக்குள்ள இன்ஃபெக்‌ஷன். டாக்டர்ங்க பாஷையில எண்டாஃப்தல்மைட்டிஸ்.

4/ கையில இருந்த சீட்டைப் பாத்தேன். வலது கண், சொட்டு மருந்து, அடுத்த விசிட் தேதி. அவ்வளவுதான். ஒரு ஃபோன் நம்பர் கிடையாது. பையன் முந்தின நாள் காலையிலயே வேன் ஏற்பாடு பண்ணின ஆளுக்கு ஃபோன் பண்ணியிருக்கான். "ஆபரேஷன்னா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும், சொட்டு விடுங்க"ன்னு பதில். ஒன்றரை நாள் அதுலயே போச்சு.

5/ 108 வரவச்சு சென்னைக்கு அனுப்பினோம். கண்ணுக்குள்ள ஊசி போட்டாங்க, அங்க முடிஞ்சதெல்லாம் பண்ணாங்க. பார்வை திரும்பல.
அடுத்த வாரம் ரோட்டுல ஒரு ஃபிளெக்ஸ் பாத்தேன். அதே கேம்ப். இத்தனை பேருக்கு ஒளி கொடுத்தோம்னு பெருசா ஒரு நம்பர், பக்கத்துல மாலை போட்ட முகங்கள். அந்த நம்பர்ல எங்க தாத்தாவும் ஒருத்தர்.

6/ இந்த த்ரெட்டே அந்த நம்பர் பத்திதான். நம்ம நாட்டுல கண்புரை ஆபரேஷனை எண்ணுறோம். பார்வையை எண்ணுறது இல்ல. தனியார், டிரஸ்ட், அரசு எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றோம். நானும் இந்த சிஸ்டத்துக்குள்ளதான் சம்பளம் வாங்குறேன், அதனால 'றோம்'னே எழுதுறேன்.

7/ பயந்துடாதீங்க. கண்புரை ஆபரேஷன் ரொம்ப பாதுகாப்பான ஆபரேஷன்தான். பண்ணிக்காம உக்காந்திருக்கறதுதான் பெரிய ஆபத்து. 2015-19 தேசிய பார்வையிழப்பு சர்வேல, 50 வயசுக்கு மேல பார்வை இழந்தவங்கள்ல 66.2% பேருக்கு காரணம் கண்புரை. ஆபரேஷன் பண்ணா திரும்ப வரக்கூடிய பார்வை.

8/ ஆனா அதே சர்வேல இன்னொரு வரி இருக்கு, அதை யாரும் ஃபிளெக்ஸ்ல போட மாட்டாங்க. பார்வை இழந்தவங்கள்ல 7.2% பேருக்கு காரணம், கண்புரை ஆபரேஷனால வந்த சிக்கல். திரும்பப் படிங்க. ஆபரேஷன் பண்ணாததால இல்ல. பண்ணதால.

9/ "சார், அதுக்குத்தான் லேசர் பண்ணிக்கணும், ஜி.ஹெச். போகக்கூடாது"ன்னு கமெண்ட் வரும். வரட்டும். பாதிப் பேரு 'லேசர்'னு சொல்றது லேசரே இல்ல. அது ஃபேக்கோ. அல்ட்ராசவுண்ட் அதிர்வுல புரையை உடைச்சு உறிஞ்சி எடுக்கிற மெஷின். அமெரிக்காவுல சார்ல்ஸ் கெல்மன் 1967ல ஆரம்பிச்சது. நல்ல முறைதான், சந்தேகமே இல்ல.

10/ நிஜமான லேசர், ஃபெம்டோசெகண்ட், வேற. அதையும் சாதா ஃபேக்கோவையும் பிரான்ஸ்லயும் இங்கிலாந்துலயும் பெரிய அளவுல ஒப்பிட்டுப் பாத்து 2020ல முடிவு வந்துச்சு. லேசர் பண்ணினவங்களுக்கு பார்வை கூடுதலா ஒண்ணும் கிடைக்கல. பில் மட்டும் கூடும்.

11/ அரசு ஆஸ்பத்திரியிலயும் கேம்ப்லயும் அதிகமா பண்றது எஸ்.ஐ.சி.எஸ். சின்ன வெட்டு, தையல் இல்ல, பெரிய மெஷின் வேண்டாம். "ஏழைங்களுக்கான மட்டமான ஆபரேஷன்"னு பேசுறவங்க நேபாளத்துல சந்துக் ரூயித் குழு 2007ல வெளியிட்ட ஒப்பீட்டைப் படிக்கணும். ரெண்டு முறையிலயும் ஆறு மாசம் கழிச்சு 98% பேருக்கு, தேவைப்பட்டா கண்ணாடியோட, நல்ல பார்வை. எஸ்.ஐ.சி.எஸ். சீக்கிரம் முடியுது, செலவும் பல மடங்கு கம்மி.

12/ அப்ப தாத்தாவுக்கு கண்ணு போனது எஸ்.ஐ.சி.எஸ். பண்ணதாலயா? இல்ல. இலவசமா பண்ணதாலயா? அதுவும் இல்ல. கண்ணுக்குள்ள கிருமி போனா முறை என்ன, லென்ஸ் விலை என்னன்னு அது பாக்காது. 80,000 ரூபா லென்ஸ் வச்ச கண்ணும் சீழ் பிடிக்கும்.

13/ கிருமியைத் தடுக்கிறது எது? ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல.
ஆபரேஷனுக்கு முன்னாடி கண்ணுல 5% பொவிடோன் அயோடின் விட்டு, வேலை செய்ய நேரம் குடுக்கறது.
ஒவ்வொரு ஆளுக்கும் தனியா ஸ்டெரிலைஸ் பண்ணின கருவி செட்.
கண்ணைக் கழுவுற திரவம் எந்த பேட்ச்னு எழுதி வைக்கிறது.
முடிக்கும்போது கண்ணுக்குள்ளயே ஆன்டிபயாடிக்.

14/ கடைசி விஷயத்துக்கு நம்ம ஊரு ஆதாரமே இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனைகள்ல சுமார் 6 லட்சம் ஆபரேஷன்களைப் பாத்து 2017ல வெளியிட்டாங்க. கண்ணுக்குள்ள மாக்ஸிஃப்ளாக்ஸசின் வைக்க ஆரம்பிச்சதும் இன்ஃபெக்‌ஷன் 10,000 கண்ணுக்கு 7ல இருந்து 2 ஆச்சு. உலகம் முழுக்க கண் டாக்டருங்க மேற்கோள் காட்டுற ஆய்வு இது. எப்படி முடிஞ்சது? அவங்க எண்ணினாங்க. தப்பா போன கண்ணையும் சேர்த்து எண்ணினாங்க.

15/ "ஒரே நாள்ல நிறைய பண்றதுதான் பிரச்சினை"ன்னும் சொல்லுவாங்க. பாதி உண்மை. அரவிந்தை ஆரம்பிச்ச டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு டாக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். 1976ல மதுரையில 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு. இன்னைக்கு அங்க நடக்கிற எண்ணிக்கைக்கு அளவே இல்ல. நிறைய பண்றது தப்பு இல்ல. அளந்து பாக்காம நிறைய பண்றதுதான் தப்பு.

16/ அளக்காம பண்ணா என்ன ஆகும்னு தமிழ்நாட்டுக்கு நல்லா தெரியும். 2008 ஜூலை. விழுப்புரம் மாவட்ட கிராமங்கள்ல கேம்ப் நடத்தி, பெரம்பலூர்ல ஒரு தனியார் கண் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணாங்க. 66 பேருக்கு ஆபரேஷன் பண்ணின கண்ணுல பார்வை போச்சு. காரணம் இன்ஃபெக்‌ஷன். கேஸ் சி.பி.ஐ. வரைக்கும் போச்சு.

17/ கவனிங்க, அது கல்யாண மண்டபத்துல பண்ணின ஆபரேஷன் இல்ல. ஆஸ்பத்திரி தியேட்டர்ல பண்ணது. அதுக்கப்புறம் 2014ல பஞ்சாப், 2021ல பீகார் முசாஃபர்பூர். முசாஃபர்பூர்ல பல பேருக்கு கண்ணையே எடுக்க வேண்டியதாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு கமிட்டி, சஸ்பென்ஷன், நிவாரணம். அப்புறம் அடுத்த ஊரு.

18/ கூட்டமா பார்வை போனா பேப்பர்ல வரும். எங்க தாத்தா மாதிரி ஒத்தை ஒத்தையா போறது எங்கயும் வராது. 'விதி', 'வயசு', 'சுகர் இருந்துச்சு'ன்னு முடிஞ்சிரும்.

19/ அடுத்தது டிரெயினிங். இது எங்க ஆளுங்களுக்கே கோபம் வரும், பரவாயில்ல. ஒரு டாக்டரோட முதல் பத்து கண்ணு யாரோட கண்ணு? எந்த ஊரா இருந்தாலும் பதில் ஒண்ணுதான், காசு குடுக்காதவரோட கண்ணு. கத்துக்காம யாரும் சர்ஜன் ஆக முடியாது, ஒத்துக்கறேன். ஆனா முதல் தப்பை மனுஷன் கண்ணுலதான் பண்ணணும்னு கட்டாயம் இல்ல.

20/ ஆட்டுக் கண்ணுல பழகலாம். சிமுலேட்டர்ல பழகலாம். ஆப்பிரிக்க நாடுகள்ல எஸ்.ஐ.சி.எஸ். கத்துக்கிட்ட டாக்டர்களை வச்சு ஒரு ஆய்வு 2021ல வந்துச்சு. லென்ஸைத் தாங்குற பின்பக்க ஜவ்வு கிழியறதுதான் கத்துக்குட்டிங்க பண்ற பெரிய தப்பு. வழக்கமான டிரெயினிங் மட்டும் எடுத்தவங்க கையில அது 26.6%. அதோட ஒரு வாரம் தீவிரமா சிமுலேஷன்லயும் பழகினவங்க கையில 7.8%. ஒரே ஒரு வாரம்.

21/ இங்கிலாந்துலயும் சிமுலேட்டர் வந்தப்புறம் புது டிரெய்னிங்க கையில ஜவ்வு கிழியறது 4.2%ல இருந்து 2.6% ஆச்சு. நாம பல கோடிக்கு கட்டடம் கட்டுறோம், ரிப்பன் வெட்டுறோம். ஒவ்வொரு பி.ஜி. மாணவரும் மனுஷக் கண்ணைத் தொடறதுக்கு முன்னாடி இத்தனை தடவை வெளிய பழகி பாஸ் ஆகணும்னு கறாரா வைக்க என்ன கேடு?

22/ "ரிசல்ட்டை வெளியிட்டா கஷ்டமான கேஸை எந்த டாக்டரும் தொட மாட்டாங்க" என்பது எதிர்வாதம். நியாயமான பயம்தான். அதுக்கு வழி, கஷ்டமான கேஸ்னா கஷ்டமான கேஸ்னு குறிச்சு வச்சு தனியா ஒப்பிடறது. எண்ணாமலே விட்டுடறது வழி இல்ல. டாக்டரை மாட்டி விடறதுக்கு கேக்கல. எந்த தியேட்டர்ல, எந்த மாசம், எதனால கூடுதுன்னு அடுத்த ஆளு படுக்கறதுக்கு முன்னாடி தெரியணும்னுதான் கேக்கறேன்.

23/ இது ஃபாரின் ஐடியாவும் இல்ல. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் 1832ல இறந்தவர். அவர் காலத்துல எழுதின கண் நோயாளிகளோட கேஸ் ஷீட்டு, கண்ணோட வண்ணப் படத்தோட, இன்னைக்கும் இருக்கு. கரண்ட் இல்லாத காலத்துல ஒவ்வொரு கண்ணையும் படம் வரைஞ்சு வச்சாங்க. கையில ஸ்மார்ட்ஃபோன் வச்சிருக்கிற நமக்கு ஆறு வாரம் கழிச்சு "தாத்தா, தெரியுதா?"ன்னு கேட்டு எழுத முடியலையா?

24/ உலகமும் இப்ப அப்படித்தான் மாறுது. 2021ல உலக சுகாதாரப் பேரவை ஒரு இலக்கு வச்சுது. எத்தனை பேருக்கு ஆபரேஷன் பண்ணோம்னு மட்டும் பாக்காம, பண்ணதுக்கப்புறம் நல்லா தெரியறவங்க எத்தனை பேருன்னு எண்ணணும், அந்த அளவை 2030க்குள்ள 30 சதவீதப் புள்ளி கூட்டணும்.

25/ நான் கேக்கறது மூணுதான்.
ஒண்ணு: அரசு, தனியார், டிரஸ்ட் எதுவா இருந்தாலும், ஆபரேஷன் ஆன ஒவ்வொரு கண்ணோட பார்வையையும் நாலுல இருந்து ஆறு வாரத்துக்குள்ள அளந்து, வருஷா வருஷம் வெளியிடணும்.
ரெண்டு: சிமுலேட்டர்லயோ ஆட்டுக் கண்ணுலயோ பழகி பாஸ் ஆகாதவங்க நோயாளி கண்ணைத் தொடக்கூடாது.
மூணு: டிஸ்சார்ஜ் சீட்டுல ராத்திரியிலயும் எடுக்கிற ஃபோன் நம்பர். ஆபத்து அறிகுறிகள் தமிழ்ல, எங்க பக்கம் தெலுங்குலயும்.

26/ நீங்க செய்ய வேண்டியது. ஆபரேஷனுக்கு முன்னாடி இதைக் கேளுங்க:
யாரு ஆபரேஷன் பண்றது?
போன வருஷம் எத்தனை பண்ணீங்க, எத்தனை இன்ஃபெக்‌ஷன் ஆச்சு?
கண்ணுக்குள்ள ஆன்டிபயாடிக் வைப்பீங்களா?
ராத்திரி வலி வந்தா எந்த நம்பர்?
லென்ஸ் ஸ்டிக்கரை கேட்டு வாங்கி பத்திரமா வைங்க.
கேள்வி கேட்டா கோபப்படறாரா? எழுந்து வந்துடுங்க.

27/ ஆபரேஷனுக்கு அப்புறம் வலி கூடிக்கிட்டே போகுது, சிவப்பு கூடுது, இமை வீங்குது, நேத்து தெரிஞ்சது இன்னைக்கு மங்குது. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே கண் ஆஸ்பத்திரி. நாளைக்கு இல்ல. மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்து இல்ல. சாதாரணமா நாளுக்கு நாள் தேறணும். மோசமானா எமர்ஜென்சி. மணிக்கணக்குதான் கண்ணைக் காப்பாத்தும்.

28/ "புரை பழுக்கட்டும்"னு காத்திருக்காதீங்க, அது பழைய காலம். "ஆபரேஷன் இல்லாம புரையைக் கரைக்கும் சொட்டு"ன்னு வாட்ஸ்அப்ல வர்றது பொய். அப்படி ஒரு மருந்து நிரூபிக்கப்படல. அதை ஃபார்வர்டு பண்றவங்களும் ஒரு கண்ணு போறதுக்குக் காரணம்தான்.

29/ தாத்தாவை போன மாசம் சுகர் மாத்திரை வாங்க வந்தப்ப பாத்தேன். இடது கண்ணுலயும் புரை முத்திடுச்சு. இப்ப நடக்கவே பையன் தோள் வேணும். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு 365 படி ஏறி மலைக்குப் போன மனுஷன். "ரெண்டாவது கண்ணுக்குப் பண்ணிக்கோங்க தாத்தா, நானே கூட வர்றேன்"னேன். "வத்து பாபு"ன்னு கையை ஆட்டிட்டாரு.

30/ பண்ணா பெரும்பாலும் நல்லா வரக்கூடிய ஆபரேஷன்னு எனக்குத் தெரியும். ஆனா அவர் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல: "அந்த கண்ணுக்கும் இதைத்தான சொன்னீங்க?"
அவருக்கு பதில் சொல்ல எனக்கு நம்பர் வேணும். ஃபிளெக்ஸ் நம்பர் இல்ல. உங்க ஊரு ஆஸ்பத்திரியில, உங்க ஊரு கேம்ப்ல அந்த நம்பரைக் கேளுங்க. கேட்டா என்ன பதில் வந்துச்சுன்னு கீழ எழுதுங்க. ஷேர் பண்ணுங்க.