ஆர்.எம்.ஐ.யா, ஜே.எம்.எஸ்.ஸா? லைன் போனால் தெரியும்!

ஜாவாவில் எழுதிய இரண்டு ப்ரோகிராம்கள் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஓடுகின்றன. அவை எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும்? ப்ராஜெக்ட் வைவாவில் இதற்கு வரும் பதில் காலத்துக்குக் காலம் மாறும். முன்பு கோர்பா, ஆர்.எம்.ஐ., அப்புறம் சோப், ரெஸ்ட், இப்போது ஜி.ஆர்.பி.சி. சொல்லும் காரணம் மட்டும் மாறுவதே இல்லை: "எல்லாரும் அதைத்தான் யூஸ் பண்றாங்க சார்!"

இது காரணமா? வெறும் ஃபேஷன். அதன் ஆயுளைப் பாருங்கள். 1998-ல் ஜாவா 1.2-வோடு வந்த கோர்பாவும், 2006-ல் ஜாவா 6-ல் சேர்ந்த சோப் வசதியும் 2018-ல் ஜாவா 11 வந்தபோது ஒன்றாகவே வெளியேற்றப்பட்டன.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. பேச்சின் நடுவில் லைன் போனால் என்ன ஆகும்?

குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெகதளாவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் ஒரு கம்ப்யூட்டர், தொழிற்சாலையில் ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறு விவசாயி 40 கிலோ இலை கொண்டுவருகிறார். ஆர்.எம்.ஐ. அழைப்பு போகிறது. நல்ல மழை, லைன் கட். பதில் வரவில்லை. அந்த 40 கிலோ பதிவானதா, இல்லையா? இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. மறுபடி அனுப்பினால் 80 ஆகலாம், விட்டுவிட்டால் பூஜ்யம் ஆகலாம். மாசக் கடைசியில் பணம் குறையப்போவது ப்ரோகிராமருக்கு இல்லையே!

நீலகிரியில் இது வீண் பயமும் இல்லை. 2009 நவம்பர் மண்சரிவில் ரோடுகளே துண்டானபோது கேபிள் எம்மாத்திரம்?

ஆனால் ஆர்.எம்.ஐ.யைத் திட்டுவது நியாயமில்லை. ஒவ்வொரு ரிமோட் மெத்தடும் 'ரிமோட் எக்ஸப்ஷன்' வரலாம் என்று அறிவித்தே ஆகவேண்டும் என்பது அதன் விதி. அந்த எச்சரிக்கையைக் காலி கேட்ச் ப்ளாக்கில் போட்டுப் புதைப்பது யார்? தூரத்தில் இருக்கும் ஆப்ஜெக்டைப் பக்கத்தில் இருப்பதுபோல நடத்தாதே என்று ஜிம் வால்டோவும் அவருடன் சன் நிறுவனத்தில் இருந்தவர்களும் 1994-லேயே எழுதிவிட்டார்கள்.

"அப்போ ஜே.எம்.எஸ். போட்டா போதும்" என்பதும் அரைகுறைதான். க்யூ தொழிற்சாலையில் இருந்தால், அங்கே போவதும் அதே லைன்தானே? எடை முதலில் அந்த இடத்து டிஸ்கில் பதிவாகட்டும். ஒவ்வொரு எடைக்கும் ஒரு தனி எண் இருக்கட்டும். லைன் வந்ததும் அனுப்பலாம். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும். இதைச் செய்துவிட்டால் ரெஸ்டில் அனுப்பினாலும் 40 கிலோ 40 கிலோதான்.

கம்ப்யூட்டர் வழியே நடக்கும் குன்னூர் தேயிலை ஏலத்தில் கதையே தலைகீழ். அரை மணி நேரம் க்யூவில் தூங்கிய விலைக்கு அங்கே என்ன மதிப்பு? சரக்கு கைமாறியிருக்கும். அங்கே உடனடிப் பதில் வேண்டும். வராவிட்டால், வரவில்லை என்பதாவது கேட்டவருக்கு உடனே தெரிய வேண்டும்.

தேயிலை ஒன்றுதான், தேவை இரண்டு. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'ஏன் இந்த டெக்னாலஜி' என்ற பக்கத்தில் எழுத வேண்டியது இதைத்தான்: லைன் போனால் எது தொலையும், யாருடையது தொலையும்?