பாதி உண்மையின் எடை

1960 ஜூன் 22 அன்று கேப் கனாவரலிலிருந்து ஏவப்பட்ட 19 கிலோ கோளம் ஒன்றைப் பற்றி உலகுக்குச் சொல்லப்பட்டது, அது சூரியனின் கதிர்வீச்சை அளக்கும் என்பது. அதில் பொய்யில்லை. சோல்ராட் என்ற அக்கருவி சூரியனின் எக்ஸ் கதிர்களை அளந்தது. அவ்வளவுகள் அறிவியலுக்குப் பயன்பட்டன.

சொல்லாமல் விடப்பட்டது, அதே கோளத்துக்குள் கிராப் என்ற இன்னொரு கருவியும் இருந்தது என்பதை. சோவியத் நாட்டின் உட்பகுதியிலுள்ள ரேடார்களின் துடிப்புகள் பூமியின் வளைவைத் தாண்டி எல்லைக்கு வெளியே இருப்பவர் காதில் விழா. ஆனால் மேலே விண்ணுக்குப் போய்க்கொண்டேயிருக்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் பொறியாளர் ரீட் மேயோ, 1958இல் பென்சில்வேனியாவில் பனிப்பொழிவால் வழியில் ஓர் உணவகத்தில் தங்க நேர்ந்தபோது, மேசையில் தட்டுக்கடியில் விரித்திருந்த தாளில் இதற்கான கணக்கைப் போட்டாராம். பதிவு செய்யும் வசதி கிராபில் இல்லை. கேட்ட துடிப்பைக் கிளிப்பிள்ளைபோல உடனே கீழே திருப்பிச் சொல்லும். தரையில் சிறு குடில்களில் இருந்தவர்கள் அதைக் காந்த நாடாவில் பிடித்துக்கொள்வார்கள்.

அதே ஆண்டு மே 1 அன்று யு-2 உளவு விமானம் சோவியத் மண்ணில் வீழ்த்தப்பட்டது. வானிலை ஆய்வு விமானம் என்று அமெரிக்கா சாதித்தது. விமானி உயிரோடு பிடிபட்டிருந்ததால் அந்தப் பொய் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கிராபின் பாதி உண்மையோ 1998 வரை, 38 ஆண்டுகள் நின்றது. எது அதிக ஆபத்தானது என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஒட்டுக்கேட்டதை நான் குறை கூறவில்லை. வெட்டவெளியில் வீசப்பட்ட அலையைக் கேட்பவர் எவர் வேலியையும் தாண்டுவதில்லை. ஓர் அணுயுத்தத்தின் அச்சத்தில் அதற்குத் தேவையும் இருந்திருக்கலாம். என் உறுத்தல் வேறு. அறிவியலாளரின் நேர்மையான அளவீடு திரைச்சீலையாகத் தொங்கவிடப்பட்டது. அதை நம்பிப் படித்த பிறநாட்டு ஆய்வாளர் பாதியைத்தான் படித்தார்.

2019 ஏப்ரல் 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 436 கிலோ எடையுள்ள எமிசாட் ஏவப்பட்டபோது, 'மின்காந்த அலைகளை அளப்பதற்கானது' என்று இஸ்ரோ அறிவித்தது. எவருடைய அலைகள் என்ற பேச்சில்லை. போர்க்காலத் தேவை என்றால் மறைக்கட்டும். ஆனால் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் ஆவணங்கள் தாமாகத் திறக்கப்படும் என்ற காலக்கெடுவை, ஏவும் நாளிலேயே எழுதி வைக்கும்படி நாம் கேட்கலாம்.