கதவடைத்தா குளிரை வெல்வது?

காஷ்மீரத்தில் டிசம்பர் 21 அன்று ‘சில்லாய் கலான்’ எனும் கடுங்குளிர்க் காலம் தொடங்குகிறது. 40 நாள் நீடிக்கும் அதனைத் தொடர்ந்து 20 நாள் ‘சில்லாய் குர்த்’, 10 நாள் ‘சில்லாய் பச்சா’ எனக் குளிர் படிப்படியாகத் தணியும். குளிரையும் பெரியது, சிறியது, குழந்தை எனப் பெயரிட்டு வீட்டு விருந்தினர்போல் வரவேற்கும் அம்மக்களிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. அறையைச் சூடாக்குவதைக் காட்டிலும் உடலைச் சூடாக வைத்துக்கொள்வதே எளிது என்பதே அது. முழங்காலுக்குக் கீழ்வரை தொங்கும் ‘ஃபெரன்’ என்னும் தளர்ந்த கம்பளி அங்கி, அதனுள் கையில் ஏந்திய காங்கிரி என்னும் தணற்சட்டி, அவ்வப்போது உப்பிட்ட தேநீர் ஆகியவற்றைக் கொண்டே அவர்கள் பனிநாள்களைக் கடக்கின்றனர்.

சமவெளியிலோ நாம் வேறு வழியை நாடுகிறோம். பணி மாற்றத்தால் தில்லி, லக்னோ, சண்டிகர் போன்ற நகரங்களில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் முதற்குளிரைக் கண்டதும் சன்னல்களை இறுக மூடி, ஹீட்டரை இரவு முழுவதும் எரியவிடுகின்றன. 2,000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் எரிந்தால் மணிக்கு 2 யூனிட் செலவாகும். நாளுக்கு 8 மணி நேரம் எனில், 30 நாளில் 480 யூனிட். நல்ல பஞ்சு ரஜாய் ஒன்றுக்குச் செலவு ஒருமுறைதான். பல குளிர்காலங்களுக்கு அது உழைக்கும்.

பணம் போனாலும் மீட்டுக்கொள்ளலாம்; உயிர் அப்படியன்று. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கியவர்கள் விடியலில் எழாமற்போன செய்தி ஆண்டுதோறும் வட மாநிலங்களிலிருந்து வருகிறது. கரி எரிகையில் வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனுக்குரிய இடத்தை அது பற்றிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை அதன் அறிகுறிகள். உறங்குபவர் இவற்றை உணர்வதேயில்லை. ஆகவே கரியடுப்பையும் தணற்சட்டியையும் படுக்கையறைக்குள் கொண்டுவருதல் கூடவே கூடாது. காற்றோட்டமற்ற குளியலறையில் எரிவாயு கீசரைப் பயன்படுத்துவதும் இதே ஆபத்தை விளைவிக்கும்.

முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டில் அறையையும் சூடாக்கத்தானே வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. உறங்கச் செல்லுமுன் மின் ஹீட்டரால் அறையைச் சூடாக்கி, பின்னர் அணைத்துவிடலாம். ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய உடைகள், கம்பளிக் காலுறை, தலையை மூடும் குல்லாய் ஆகியவை எஞ்சிய இரவைப் பார்த்துக்கொள்ளும்.

பகலில் கதவைத் திறப்பதே சிறந்த மருந்து. நண்பகல் வெயிலில் மொட்டைமாடியில் பாய் விரித்து, வறுத்த வேர்க்கடலையும் ஆரஞ்சுச் சுளைகளுமாய் அண்டை வீட்டார் கூடியிருப்பது வடநாட்டின் தொன்றுதொட்ட வழக்கம். கடைத்தெருவில் சிவந்த காரட்டும், இனிப்புக் கடையில் கஜக்கும் இப்பருவத்தின் கொடை. பஞ்சாபின் வயல்களில் கடுகு மஞ்சளாய்ப் பூத்திருக்கும். தில்லி யமுனைத் துறையில் தொலைதூர நாடுகளிலிருந்து வந்த கடற்காகங்கள் படகுகளைச் சூழ்ந்து பறக்கும். சன்னலை அடைத்து ஹீட்டரின் முன் அமர்ந்திருப்போருக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டாது.

குளிர்காலம் சில வாரங்களே தங்கிச் செல்வது. உடலைப் போர்த்திக்கொண்டு, வீட்டைத் திறந்து வைப்போம்.