மதுரையிலிருந்து தாம்பரத்துக்கு

பிரயாணம் என்றால் நம்மில் பலர் முதலில் செய்கிற காரியம், தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான். ரயில் டாய்லெட்டுக்குப் பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் படாமல் உட்கார்ந்திருப்பார்கள். வீடு திரும்பிய இரண்டாம் நாள் நீர்க்கடுப்பு, குளிர் ஜுரம் என்று டாக்டரிடம் ஓடுவார்கள். சகோதரிகளே, தயவு செய்து இதை மட்டும் செய்யாதீர்கள். ரயில் கிளம்பியதுமே, கூட்டம் எழுந்திருக்கும் முன் போய் விட்டு வந்தால் டாய்லெட் ஓரளவு சுத்தமாகவே இருக்கும். சின்ன பிளாஸ்டிக் கப் ஒன்றும் சோப்புத் துண்டு ஒன்றும் கைப்பையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

போன மாதம் நானும் என் கணவரும் வைகை எக்ஸ்பிரஸில் மதுரையிலிருந்து தாம்பரம் போனோம். 1977-ஆம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி ஓட ஆரம்பித்த ரயில் இது. 2019-இல் தேஜஸ் வந்தது, அப்புறம் வந்தே பாரத்தும் வந்து விட்டது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு முன்பே ஏறிப் பகலில் இறங்கி விடலாம் என்பதால் எங்களுக்கு வைகைதான் சௌகரியம். இவருக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரி கண் விழித்தால் மறுநாள் எழுந்திருக்க மாட்டார்.

தாம்பரத்தில் இருப்பவர்கள் எங்கள் பழைய அண்டை வீட்டுக்காரர்கள். எல்லீஸ் நகரில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து வீடு. அக்கா எனக்குச் சமையல் கற்றுக் கொடுத்தவர் என்றே சொல்லலாம். அவர் வீட்டுக்காரரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணனுக்குச் சென்ற வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் விட்டன. நடை திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. "அந்தக் குரலைக் கேட்காம அவர் எதிர்ல நான் எப்படி உட்காருவேன்?" என்று இவர் தள்ளிப் போட்டுக் கொண்டே வந்தார். கடைசியில் நானே டிக்கெட் எடுத்தேன்.

நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போகிற நாம், இன்னொரு நோயாளியாகப் போய் இறங்கக் கூடாது அல்லவா? அதனால் சாப்பாட்டை நானே கட்டிக் கொண்டேன். காலைக்கு இட்லி, மிளகாய்ப்பொடி நல்லெண்ணெய் தடவியது. தேங்காய்ச் சட்னி பக்கமே போகவில்லை. பகலுக்குத் தயிர் சாதம்: சாதத்தைச் சூட்டிலேயே மசித்து, காய்ச்சி ஆறிய பால் நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்தால் போகிற வழியில் பதமாகத் தோய்ந்து விடும், புளிக்காது. எதையும் நன்றாக ஆற விட்டுத்தான் டப்பாவை மூட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடி வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டியே ஊசிப் போகும். கூடக் கொஞ்சம் சுண்டலும் இருந்ததால் சாதத்தை இவருக்கு அளவோடு வைக்க முடிந்தது.

சர்க்கரை மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைத்துக் கொள்ளுங்கள். சாப்பாடு கையில் இருக்கும்போதுதான் மாத்திரையைக் கொடுக்க வேண்டும். 'ஸ்டேஷன் வந்ததும் வாங்கிக்கலாம்' என்று முன்கூட்டிப் போட்டு விட்டு, ரயில் நடுவழியில் நின்று விட்டால் அவஸ்தைதான். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பசி பறந்தால் சர்க்கரை இறங்கி விட்டது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகா விட்டால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றவே கூடாது.

திண்டுக்கல்லில் இட்லி ஆயிற்று. மணப்பாறை தாண்டும்போது, "அண்ணனுக்கு முறுக்குன்னா உயிராச்சே, நேத்தே வாங்கி வச்சிருக்கலாமே" என்றார் இவர். மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது; பெருமையான முறுக்குதான். ஆனால் பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். உதிர்கிற பண்டம் புரையேறிவிடும். நான் எடுத்துப் போனது வறுத்து அரைத்த கஞ்சி மாவும், அக்காவுக்கு இரண்டு முழம் மதுரை மல்லியும். அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பும் உண்டு என்பதால் வடாம், ஊறுகாய் எல்லாம் வீட்டிலேயே நின்று விட்டன.

திருச்சி தாண்டியதும் காவிரிப் பாலம், ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், கொள்ளிடம். இவரை எழுப்பி நடைபாதையில் இரண்டு தடவை நடக்க விட்டேன். உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கி விடும். மணிக்கொரு தரம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலும் நல்லது. விழுப்புரம் தாண்டிச் சாப்பாடு. "எங்களுக்காக உலை வைக்காதீங்க அக்கா" என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தேன்.

அக்கா கதவைத் திறந்ததும் என் கையைப் பிடித்துக் கொண்டார். மெலிந்து போயிருந்தார். "முன்னெல்லாம் எவ்வளவு பேர் வருவாங்க... பேச முடியாதவர்கிட்ட என்ன பேசறதுன்னு இப்ப யாரும் வர்றதில்ல" என்றார். வந்த ஒன்றிரண்டு பேரும் அண்ணன் எதிரிலேயே, 'சாப்பிடறாரா, தூங்கறாரா' என்று அக்காவிடம் விசாரித்து விட்டுப் போனார்களாம். பேச்சு போனவர்கள் பலருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும். காது கேட்காதவரிடம் போல் கத்தவும் வேண்டாம், குழந்தையிடம் போல் மழலை பேசவும் வேண்டாம். 'ஆமாம், இல்லை' என்று தலையசைத்துப் பதில் சொல்கிற மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்டால் போதும். ஒரு வார்த்தைக்கு அவர் திணறும்போது நாம் முந்திக் கொண்டு முடித்து விடக் கூடாது; காத்திருக்க வேண்டும்.

அக்காவை உள்ளே படுக்க அனுப்பி விட்டு அடுக்களையை நான் எடுத்துக் கொண்டேன். இவரோ கூடத்தில் அண்ணன் எதிரில் பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தார். யார் நோயாளி என்றே தெரியவில்லை! அலமாரியில் பித்தளைத் தாயக்கட்டை கண்ணில் பட்டது. எல்லீஸ் நகரில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உருட்டிய அதே கட்டை. சாக்பீஸால் தரையில் கட்டம் போட்டுக் கொடுத்தேன். அண்ணனை நாற்காலியிலிருந்து மெல்ல இறக்கிச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்தோம்.

இடது கையால் உருட்டினார். ஐந்து விழுந்தது. காயை நகர்த்தும்போது, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." என்று அண்ணனின் குரல்! குழறல்தான், ஆனால் அவருடைய குரல். வரிசையாக எண்ணுவது, பழகிய பாட்டு இதெல்லாம் பேச்சு போனவர்களுக்கும் சில சமயம் தானாக வரும் என்று படித்திருக்கிறேன். காதால் கேட்டது அன்றுதான். இவர் முகத்தைத் திருப்பிக் கொண்டு, "அண்ணே, அது என் காய், வெட்டக் கூடாது" என்றார். அண்ணன் தலையை ஆட்டிக் கொண்டே வெட்டினார்.

அக்கா தூங்கி எழுந்து வந்தபோது மணி ஏழு. அண்ணனுக்கு இரண்டு காய் பழமாகியிருந்தது. இவருக்கு ஒன்றுகூட இல்லை.