மலையேறும் ஜீப்பும் மறைவில் மாற்றும் டர்போவும்

டீசல் ஜீப் வைத்திருப்பவர்களில் பலருக்கு, அதிலும் மலைப்பாதைகளிலும் தோட்டப்புறங்களிலும் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, நெடுநாளாக ஓர் ஆசை உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது வண்டியில் இருந்த டர்போவைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதொன்றை அமர்த்தி, எரிபொருளின் அளவையும் அதற்கேற்பக் கூட்டி, முன்பு இல்லாத இழுவையை அந்த வண்டிக்கு வரவழைத்துவிட வேண்டும் என்பதே அந்த ஆசை. கேட்டால் செய்து தரும் பட்டறைகளும் இருக்கின்றன. சட்டமோ அதற்கு இடம் தருவதில்லை. இப்படி ஆசைப்படுகிறவர்களை வீண் ஆடம்பரக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. அவரவர் வண்டி, அவரவர் இஷ்டம் என்று பேசாமல் இருந்துவிடுவதும் பொறுப்பாகாது. பகிரங்கமாக, பரிசோதனைக்கு உட்பட்டு நடைபெற வேண்டிய ஒரு காரியம் மறைவில் நடைபெறுகிறது என்பதும், அதன் அபாயங்களில் பெரும்பகுதி அந்த மறைவிலிருந்தே பிறக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் அந்த ஆசையின் நியாயத்தைப் பார்ப்போம். டீசல் யந்திரத்தின் சக்தி, அது எவ்வளவு எண்ணெயைக் குடிக்கிறது என்பதைப் பொறுத்ததுபோல் தோன்றினாலும், உண்மையில் எவ்வளவு காற்றை உள்ளிழுக்க முடிகிறது என்பதையே பொறுத்தது. உதகமண்டலம் கடல்மட்டத்துக்குமேல் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஏறக்குறையக் கால் பங்கு குறைவு. ஆகவே டர்போ இல்லாத பழைய ஜீப், ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் திணறும்போது, அது ஓட்டுநரின் குறையுமன்று, மெக்கானிக்கின் குறையுமன்று; யந்திரத்துக்கு மூச்சுக்காற்றுப் போதவில்லை என்பதே காரணம்.

இந்தக் குறைக்குப் பரிகாரம் கண்டவர் ஆல்ஃபிரட் பூச்சி என்னும் ஸ்விட்சர்லாந்து தேசத்து எஞ்சினியர். புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் உஷ்ண வாயுவைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி யந்திரத்துக்குள் செலுத்தலாம் என்ற யோசனைக்கு அவர் 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை கோரினார். அது நடைமுறையில் பயன் தர இருபது ஆண்டுக் காலம் பிடித்தது. 1920-களில் ஜெர்மானியப் பிரயாணிக் கப்பல்கள் இரண்டின் டீசல் யந்திரங்களில் அதைப் பொருத்தியபோது, 1,750 குதிரைத்திறன் உள்ள யந்திரம் 2,500 குதிரைத்திறன் தந்தது. அதற்கும் முன்னரே, 1918-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் விமான யந்திரமொன்றை லாரியில் ஏற்றிக் கொலராடோவில் உள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, 4,300 மீட்டர் உயரத்துக்கு, கொண்டுபோய் இயக்கி, மெலிந்த காற்றில் அது இழந்துவிடும் சக்தியை டர்போ திருப்பித் தந்துவிடுகிறது என்று நிரூபித்துக் காட்டினார். மலைக்கும் டர்போவுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. ஆகையால், மலையில் வாழ்ந்துகொண்டு தன் ஜீப்புக்குக் கூடுதல் இழுவை வேண்டும் என்று கேட்கிறவன் தகாத எதையும் கேட்கவில்லை.

ஆனால் டர்போவை மாற்றிவிட்டாலே சக்தி வந்துவிடும் என்று அவன் நம்புவானாயின், அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. நம் நாட்டு ஜீப்புகளிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மஹிந்திரா நிறுவனம் தார் என்ற பெயரில் 2010-ஆம் ஆண்டில் கொண்டுவந்த வண்டியில், டி.ஐ. என்று சொல்லப்பட்ட வகை 2,523 சி.சி. கொள்ளளவுள்ள யந்திரத்தைக் கொண்டு 63 குதிரைத்திறன் தந்தது. 2020-ஆம் ஆண்டில் புதுப்பித்து வெளியிட்ட தார் வண்டியின் டீசல் யந்திரமோ 2,184 சி.சி. கொள்ளளவிலேயே 130 குதிரைத்திறன் தருகிறது. இரண்டிலும் டர்போ உண்டு. சிறிய யந்திரம் பெரியதைப்போல் இரண்டு மடங்கு சக்தி தருவதற்குக் காரணம், எண்ணெயை மிக உயர்ந்த அழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளிக்கும் காமன் ரெயில் முறையும், கணத்துக்குக் கணம் அதை அளந்து விடும் மின்னணுக் கட்டுப்பாடும், உஷ்ணத்தைத் தாங்கும்படி வடித்த உறுப்புகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்பதே. சக்தியைக் கூட்டிய தொழிற்சாலை அதோடு நின்றுவிடாமல், வண்டியின் அடிச்சட்டகத்தையும் பிரேக்கையும் மாற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பையும், மோதலில் உயிர் காக்கும் காற்றுப்பைகளையும் சேர்த்தே அந்த வண்டியை வெளியிட்டது. பட்டறையில் ஒரே நாளில் டர்போவை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறவன், இவ்வளவில் ஒரு பகுதியை மாத்திரம் பெற்றுக்கொண்டு மற்றதையெல்லாம் விட்டுவிடுகிறான். கரையைப் பலப்படுத்தாத வாய்க்காலில் ஏரி மதகை முழுவதும் திறந்துவிட்டால் என்ன நேருமோ அதுவே அந்த யந்திரத்துக்கும் நேரும்.

எங்கெங்கே கரை உடையும் என்பதைச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியம். டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். ஆயில் மாற்றுவதில் அசட்டையாக இருப்பவனுடைய வண்டியில், எவ்வளவு உயர்ந்த டர்போவும் நீடித்து உழைக்காது. காற்றை அழுத்தும்போது அது சூடேறுகிறது; இரண்டு மடங்கு அழுத்தினால் 100 டிகிரி உஷ்ணத்தையும் கடந்துவிடும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் போதிய அளவில் இல்லாவிட்டால், அழுத்தம் கூடியும் காற்றின் அடர்த்தி அதற்கேற்பக் கூடாது. உஷ்ணம்தான் உள்ளே போகும். எரிபொருளின் அளவு வரம்பு மீறும்போது புகைவாயுவின் வெப்பம் ஏறி, முதலில் ஹெட் கேஸ்கெட்டையும், பிறகு பிஸ்டனையும் பதம் பார்க்கிறது. இவையெல்லாம் தப்பினாலும், பழைய இழுவைக்கு அளவெடுத்துச் செய்த கிளட்ச்சும் கியர்பெட்டியும் புதிய இழுவையைத் தாங்குமா என்ற கேள்வி பாக்கி நிற்கிறது.

பெரிய டர்போவுக்கு உரிய இன்னொரு குணம், மலைப்பாதையில் அதை வேண்டாத விருந்தாளி ஆக்கிவிடுகிறது. பெரிய சக்கரத்தைச் சுழற்ற அதிகமான புகைவாயு வேண்டும். யந்திரம் மெதுவாக ஓடும்போது அவ்வளவு வாயு கிடைப்பதில்லை. கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் வண்டி திரும்பும்போது, வேகம் குறைந்து, யந்திரத்தின் சுற்றும் குறைந்து, இழுவை மிகவும் தேவைப்படுகிற அந்த நிலையில், பெரிய டர்போ இன்னும் விழித்துக்கொள்ளாமலே இருக்கிறது. வளைவு முடிந்து பாதை நேரானபின், ஓட்டுகிறவன் எதிர்பாராத கணத்தில், சேர்த்துவைத்த சக்தியெல்லாம் ஒரேயடியாக வந்து சேர்கிறது. பந்தயத் தரையில் இது குறையாகத் தோன்றாமற் போகலாம். பாறையிலும் சேற்றிலும் ஆமைவேகத்தில் ஊர்ந்து ஏறுவதற்கென்றே நான்கு சக்கரங்களுக்கும் விசை பங்கிட்ட வண்டிக்கு, தாழ்ந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவைதான் செல்வம். அதை விற்று உச்சிச் சுற்றில் குதிரைத்திறன் வாங்குவது நஷ்ட வியாபாரம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம், ஏறிய வண்டி இறங்கவேண்டும் என்பது. உதகமண்டலத்திலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. விபத்துகளுக்குப் பெயர்போன அந்தச் சாலையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குத்தான் காவல்துறை கட்டுப்பாடு விதித்தது. மலையில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இறக்கமே என்பதை அறிய இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இறக்கத்தில் டர்போ எந்த உதவியும் செய்யாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றலோ நாலில் மூன்று பங்குக்கும் மேலாகக் கூடிவிடுகிறது. சக்தியைக் கூட்டுவதற்குப் பணம் ஒதுக்குகிறவர்களில் எத்தனை பேர் பிரேக்குக்கும் டயருக்கும் அதே அளவு ஒதுக்குகிறார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லட்டும்.

இதுவரை சொன்னவை வண்டிக்காரனுக்கு நேரும் நஷ்டங்கள். பிறருக்கு நேரும் தீங்கு ஒன்று உண்டு, அது கரும்புகை. காற்றைக் கூட்டாமல் எண்ணெயை மாத்திரம் கூட்டினால், எரியாத கரி புகையாக வெளியே வருகிறது. இந்தக் கரும்புகையைச் சக்தியின் அடையாளமென்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. அது வீணான எண்ணெயின் அடையாளமே அன்றி வேறில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ஆம் ஆண்டில் திட்டவட்டமாக அறிவித்தது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் விற்கப்படும் புதிய டீசல் வண்டிகள், பி.எஸ். 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதிகளை நிறைவேற்றும் பொருட்டுக் கரித்தூளைப் பிடித்துவைக்கும் வடிகட்டியோடு வருகின்றன. அதிகக் குதிரைத்திறனுக்காக அந்த வடிகட்டியைப் பிடுங்கி எறிகிறவன், பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தையின் சுவாசத்திலிருந்து அந்தச் சக்தியை எடுத்துக்கொள்கிறான். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இனிச் சட்டத்தின் நிலையைக் கவனிப்போம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறுபடும்படியாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காத மாற்றமே இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடக்கூடும். தயாரிப்பாளர் தந்த உத்தரவாதமும் போய்விடும்.

இவ்வளவு கடுமையும் இருந்தும் காரியம் நின்றுவிடவில்லை. தடையினால் விளைந்தது, வேலை மறைவிடத்துக்குப் போனதுதான். மறைவில் செய்யப்படும் வேலைக்கு ரசீது இல்லை. ரசீது இல்லாத வேலைக்குப் பொறுப்பாளி இல்லை. திறமையுள்ள மெக்கானிக்கையும் அரைகுறையாகக் கற்றவனையும் பிரித்தறிய வாடிக்கையாளனுக்கு வழியும் இல்லை. சட்டத்துக்குப் பயந்து நேர்மையானவன் விலகிக்கொள்ள, துணிச்சல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டவன் அந்தத் தொழிலில் நிலைத்துவிடுகிறான்.

ஆகவே சர்க்கார் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 52-ஆவது பிரிவிலேயே, வாகன மாற்றங்களுக்குரிய தரநிர்ணயங்களையும் அனுமதி நிபந்தனைகளையும் மத்திய அரசு வகுக்கலாம் என்றும், அப்படி வகுத்த முறையில் செய்த மாற்றத்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகிவிடாது என்றும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் வைத்திருக்கிறது. பெட்ரோல் காருக்கு எரிவாயுக் கருவி பொருத்துவது ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி முறைப்படி நடப்பதை நாம் தினந்தோறும் காண்கிறோம். ஜெர்மனியில் வண்டியில் முக்கியமான மாற்றம் செய்தவர், அங்கீகாரம் பெற்ற நிபுணரிடம் அதைக் காட்டிச் சோதித்து, வண்டியின் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறார். அத்தகைய பரிசோதனைக்கு வேண்டிய சாதனங்கள் நமக்கும் அந்நியமல்ல. புணேயில் வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் தேசிய வாகனப் பரிசோதனை மையம் ஒன்று இருக்கிறது. இன்ன யந்திரத்துக்கு இன்ன டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்த தொகுதி என்று அங்கே சோதித்து அங்கீகரிக்கட்டும். புகையின் அளவு முன்பைவிட ஒரு துளியும் கூடக் கூடாது என்றும், பிரேக் புதிய சக்திக்கு ஈடுகொடுக்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்றும் நிபந்தனை விதிக்கட்டும். உரிமம் பெற்ற பட்டறை மாத்திரமே அதைப் பொருத்தட்டும். வடிகட்டியை அகற்றுகிறவர்களுக்கும் கரும்புகை விடுகிறவர்களுக்கும் இப்போதுள்ள தண்டனை தயவின்றிச் செலுத்தப்படட்டும்.

அதுவரை வண்டிக்காரர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இது. இழுவை குறைந்துவிட்டது என்று தோன்றினால், டர்போவைக் குற்றம் சாட்டுவதற்கு முன்னால் அடைபட்ட ஏர் ஃபில்டரையும், காற்றுக் கசியும் இன்டர்கூலர் குழாயையும், தேய்ந்த இன்ஜெக்டரையும், வழுக்கும் கிளட்ச்சையும், அளவுக்குமேல் பெரிதாக மாட்டிய டயர்களையும் பாருங்கள். குறை பெரும்பாலும் அங்கேயே அகப்பட்டுவிடும். ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுங்கள். நெடுமேடு ஏறி நின்றவுடன் யந்திரத்தை அணைத்துவிடாமல், டர்போ ஆறும்வரை ஓரிரு நிமிஷம் ஓடவிடுங்கள். இவை சட்டம் தடுக்காத காரியங்கள்; செலவும் சொற்பம். அதற்குமேலும் சக்தி வேண்டுமென்றால், அதை மறைவில் தேடாமல், முறையான அனுமதி வேண்டுமென்று ஒன்றுகூடி அரசிடம் கேளுங்கள். பரிசோதனைக்கு நிற்க மறுக்கும் எந்தச் சக்தியும் பொதுச்சாலையில் ஓடத் தகுதியுடையதன்று.